ஞாயிறைத் தவிர்த்த நிரல்

கருங்கல் என்னும் ஊரின் சந்தைக்குப் போகும் சாலையில், மின்னணுத் தராசுகளைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். ரப்பர் ஷீட் வாங்கும் வியாபாரிகளும், மீன் ஏலம் எடுப்பவர்களும், மளிகைக் கடைக்காரர்களும் என் வாடிக்கையாளர்கள். பெயர் ததேயுஸ். ஊர், அருகிலுள்ள கடற்கரைக் கிராமமான மேல்மிடாலம். பத்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் செல்லவில்லை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை. கடை வைப்பதற்கு முன் நாலரை ஆண்டுகள் பெங்களூரில் ஒரு கணினி நிறுவனத்தில் இருந்தேன் என்பது சிலருக்குத் தெரியும். அங்கே நான் என்ன செய்தேன் என்பது 2013ஆம் ஆண்டு வரை எவருக்கும் தெரியாது.

அதை இப்போது வரிசையாக எழுதுகிறேன். தேதிகள் அனைத்தும் என்னிடமுள்ள காகிதங்களிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து எழுதியவற்றை நினைவு என்றே குறிப்பிடுவேன்.

என்னைப் பெங்களூருக்கு அழைத்துச் சென்றவர் செல்வதாஸ். மார்த்தாண்டத்துக்காரர், பொறியியல் பட்டதாரி. 1983 ஓணத்துக்கு ஊருக்கு வந்தவர், நான் அப்போது வேலை பார்த்த ரேடியோக் கடைக்கு ஒரு டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்தார். அதைத் திறந்து, குறையைக் கண்டு, வேறொரு பழைய பெட்டியிலிருந்து ஒரு பாகத்தை எடுத்துப் பொருத்திக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே நின்றவர், “ஏலே, இந்தக் கைய வச்சிட்டு இஞ்ச என்ன செய்யுத?” என்று கேட்டார். அடுத்த மாதம் அவருடைய நிறுவனத்தில் கணினிப் பலகைகளுக்கு ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே ஓர் அலமாரியில், கணினியின் மூளையான சில்லுக்குரிய கட்டளைகள் அடங்கிய ஆங்கிலக் கையேடு ஒன்று கிடந்தது. வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே மதிய உணவு இடைவேளைகளில் அதை நான்கு நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதிக்கொண்டேன். புரியாத சொல்லுக்கு அகராதியைப் பார்த்து ஓரத்தில் தமிழில் பொருள் எழுதினேன். எழுதி முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. முடித்தபோது, பலகையில் சால்டர் வைத்துக்கொண்டிருந்த சில்லின் கால்கள் ஒவ்வொன்றும் என்ன பேசுகின்றன என்பது எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது.

நிறுவனம் அப்போது ‘மேரு’ என்ற பெயரில் சொந்தமாக ஓர் இயங்குதளம் உருவாக்கிக்கொண்டிருந்தது. கணினியைத் திறந்ததும் முதலில் விழித்தெழுந்து, விசைப்பலகை, திரை, தகவல்களைப் பதிந்து வைக்கும் தட்டு எல்லாவற்றையும் வேலை வாங்குகிற அடிப்படை நிரலுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர். செல்வதாஸ் அதன் தலைமைப் பொறியாளர். தட்டைக் கவனிக்கும் பகுதியை எழுதிக்கொண்டிருந்தவர் 1985 ஜூனில் வேலையை விட்டுப் போய்விட்டார். செல்வதாஸ் என் நோட்டுகளைப் பார்த்திருந்தவர். “ஒனக்கு முடியுமாடே?” என்றார். முடியும் என்றேன். ஐந்து மாதங்களில் ஆயிரத்து முந்நூற்று நாற்பது வரிகள் எழுதி முடித்தேன்.

அந்த நிரலின் முதல் வரியில் ‘ஆக்கியவர்’ என்ற இடத்தில் செல்வதாஸ் தம் பெயரை இட்டார். கேட்டதற்கு, பட்டதாரிகளின் பெயரை மட்டுமே போடுவது நிறுவனத்தின் வழக்கம் என்றும், அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அடுத்த பதிப்பும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

நான் எழுதியவற்றுள் ஒரு சிறு பகுதி, தினமும் காலையில் கணினியை முதன்முறை திறக்கும்போது, முந்தைய நாள் அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தைத் துப்புரவு செய்து மீண்டும் பயன்பாட்டுக்குக் கொடுக்கும். அதில், அன்று ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் துப்புரவு வேண்டாம் என்று எழுதியிருந்தேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் கரையில் சனிக்கிழமை மாலைக்குப் பிறகு வள்ளம் இறங்காது. இறக்கினால் ஊர்க் கமிட்டியில் தண்டம். ஞாயிற்றுக்கிழமை வலையும் கரையில், தூண்டிலும் கரையில், மோட்டாரும் கரையில். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை வேலை நடக்கிற ஓர் அலுவலகத்தை நான் கற்பனை செய்துகூடப் பார்த்ததில்லை. எப்போதாவது யாராவது திறந்தாலும், தட்டுக்கும் ஒரு நாள் ஓய்வு இருக்கட்டும் என்று நினைத்தேன். விளையாட்டாக அல்ல, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

1988 பிப்ரவரியில், ஞாயிற்றுக்கிழமைகளிலேயே அதிகம் வேலை நடக்கும் ஒரு லாரி நிறுவனத்தில் மேரு பொருத்தப்பட்டது. மூன்றாவது ஞாயிறு நண்பகலில் அவர்களுடைய தட்டு நிரம்பிவிட்டது. திரையில் எந்த அறிவிப்பும் வரவில்லை. தெரியாமல் மாலை வரை தட்டச்சு செய்துகொண்டே இருந்தார்கள். அவற்றுள் ஒன்றும் தட்டில் பதியவில்லை. மறுநாள் எந்த லாரியில் எவருடைய சரக்கு என்று தெரியாமல் ஊரே கூடிவிட்டதாம்.

மார்ச் 14ஆம் தேதி என்னிடம் ஒரு மெமோ தரப்பட்டது. செல்வதாஸ் கையொப்பமிட்டது. ஆங்கிலத்தில் இருந்த அதன் சாரம் இது: உம்மால் எழுதப்பட்ட தட்டுப் பராமரிப்பு நிரலில், ஞாயிற்றுக்கிழமைகளில் அது இயங்காதபடி நீரே சேர்த்த கட்டளைகளால் வாடிக்கையாளருக்குப் பேரிழப்பு நேர்ந்துள்ளது, உமது பணி இனித் தேவையில்லை.

நிரல் செல்வதாஸுடையது, பிழை மட்டும் என்னுடையது. இதை நான் யாரிடம் சொல்வது? ஊருக்குத் திரும்பினேன். நிறுவனத்தை மூடப்போகிறார்கள், நானே விலகி வந்துவிட்டேன் என்று சொன்னேன். மறு ஆண்டு மே மாதம் பேபியைப் பெண் கேட்டுப் போனபோது, அவளுடைய தகப்பனாரிடமும் அதையே சொன்னேன். மெமோவை நோட்டுப் புத்தகங்களோடு ஒரு தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

கிழிக்கவில்லை. நான் காகிதம் கிழிப்பவன் அல்லன்.

என்னிடம் மேரு பதிந்த தட்டுகளும் எட்டு இருந்தன. அவற்றை வீட்டில் வைத்திருந்தேன். 2004 டிசம்பரில் கடல் வீட்டுக்குள் வந்தபோது அவை போயின. பேபியும் மகள் ஜின்சியும் அன்று காலைப் பூசைக்குப் போயிருந்ததால் தப்பினார்கள். ஊரில் ஆட்களையே இழந்தவர்கள் இருக்க, தட்டுகளைப் பற்றி நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தகரப் பெட்டி கருங்கல் கடையில் இருந்ததால் தப்பியது.

ஜின்சி பிறகு கணினிப் படிப்புப் படித்து, திருவனந்தபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். 2013 ஜூலையில் ஒருநாள் கடைக்குப் போன் செய்தாள்.

“அப்பா, நீங்க இருந்த கம்பெனி பண்ணினது மேரு தானே?”

“ஆமா மக்கா. ஏன்?”

“அதுக்க சோர்ஸ் கோடு முழுக்க வெளிய விட்டிருக்காவ. யாரு வேணும்னாலும் எடுத்து வாசிக்கலாம்.”

கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தேன்.

பழைய கணினிகளின் இயங்குதளங்களைத் தேடிக் காக்கும் தன்னார்வக் குழு ஒன்று வடக்கே இருக்கிறது. எங்கள் நிறுவனம் மூடப்பட்டபின் உரிமை யாரிடம் என்று இரண்டு ஆண்டுகள் தேடி, கடைசி இயக்குநரின் மகளிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, அவர் வீட்டிலிருந்த தட்டுகளைப் படித்தெடுத்து, மேருவின் மூலநிரலை, அதாவது மனிதர் கையால் எழுதிய வடிவத்தை, எல்லோரும் வாசிக்கும்படி வெளியிட்டிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை ஜின்சி வந்தபோது முழுவதையும் அச்சடித்துக் கொண்டுவந்தாள். என் பகுதியை நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வாசித்தேன். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. முதல் வரியில் செல்வதாஸின் பெயரும் மாறவில்லை.

“இஞ்ச பாருங்கப்பா, இதப் பத்தி ஒரு சண்டையே நடக்குது” என்று ஜின்சி தன் மடிக்கணினியைக் காட்டினாள். வெளியிட்ட பக்கத்தின் கீழே உலகின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் கருத்து எழுதியிருந்தார்கள். நினைவகம் அவ்வளவு குறைவாக இருந்த காலத்தில், தேதியிலிருந்து கிழமையைக் கண்டுபிடிக்க மட்டும் அறுபத்தொரு வரிகளை ஏன் செலவழித்தார்கள், அதுவும் ஞாயிறைத் தவிர்ப்பதற்காக மட்டும், என்பதுதான் விவாதம். செல்வதாஸ் குழுவுக்குக் கொடுத்த பேட்டியில், தட்டைப் படிக்கும் முனை தேயாமலிருக்க வாரம் ஒருநாள் ஓய்வு கொடுத்ததாகச் சொல்லியிருந்தார்.

“இதையா சொன்னாரு?” என்றேன்.

“ஒங்களுக்கு வேற தெரியுமா?”

“எழுதினவனுக்குத் தெரியாம இருக்குமா?”

ஜின்சி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அன்றுதான் அவளிடம் சொன்னேன். மெமோவைத் தவிர மற்ற எல்லாவற்றையும்.

அவள் உதவியுடன் குழுவின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, நான்கு நோட்டுகளின் படங்களையும் இணைத்தேன். ஒன்பது நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். நோட்டுகள் சுவையாக இருக்கின்றன. ஆனால் அவை உங்கள் கையால் எழுதி நீங்களே தேதியிட்டவை. ஆக்கியவர் பெயரைத் திருத்த வேண்டுமானால் அக்காலத்தில் வேறொருவர் எழுதிய ஆவணம் தேவை. அப்படி ஒன்று வந்தால், அதையும் மூலநிரலோடு சேர்த்து எல்லோரும் காண வெளியிடுவது எங்கள் விதி.

அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஆனால் அப்படி ஓர் ஆவணம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ‘உம்மால் எழுதப்பட்ட’ என்று செல்வதாஸே கையொப்பமிட்டுக் கொடுத்த காகிதம். அதை அனுப்பினால் என் பெயர் நிரலின் மேல் ஏறும். நான் துரத்தப்பட்டவன் என்பதும், மாமனாரிடம் பொய் சொல்லிப் பெண் எடுத்தவன் என்பதும் அதனோடு சேர்ந்து ஏறும். ஒரு மாதம் அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

அந்த மாதத்தில் வேறொரு வேலையும் செய்தேன். ஜின்சி அச்சடித்துக் கொடுத்ததில் மற்றவர்களின் பகுதிகளும் இருந்தன. நிறுவனத்தில் இருந்தபோது ஒருவர் பகுதியை இன்னொருவருக்குக் காட்டமாட்டார்கள். இப்போது எல்லாம் வெளியில். கடையில் ஆள் இல்லாத நேரங்களில் பென்சிலோடு உட்கார்ந்து, வரிவரியாக வாசித்தேன். திரையைக் கவனிக்கும் பகுதியில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிக்கு வந்தபோது பென்சில் நின்றது. இரண்டு நாட்கள் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். சந்தேகமே இல்லை.

அந்த வாரமே செல்வதாஸ் போன் செய்தார். செயலாளர் அவருக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். செல்வதாஸ் ஓய்வுபெற்று நாகர்கோவிலில் இருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“ததேயுசே, நான் செல்வதாஸாக்கும்.”

“சொல்லுங்க சார்.”

“நீ அந்த மெமோவ இப்பவும் வச்சிருக்கியா?”

“வச்சிருக்கேன் சார்.”

“எனக்குத் தெரியும். வேற என்னெல்லாம் வச்சிருக்கே?”

“பெங்களூருக்கு வந்த பஸ் டிக்கெட்டு வரைக்கும் இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். “நீ மாறவே இல்லடே.” பிறகு குரல் தாழ்ந்தது. “கேளு. அத நெட்டுல போட்டா எனக்க பேரப் பிள்ளைய வரைக்கும் வாசிக்கும். ஒனக்கும் கொறச்சில் தானே? வேலைய விட்டு வெரட்டின காயிதமில்லா அது. ரெண்டு பேருக்கும் வேண்டாம். ததேயுஸ் உதவி செய்தாருன்னு நானே ஒரு வரி எழுதிக் குடுக்கேன்.”

“உதவியா சார்?”

“பின்ன என்னன்னு எழுதச் சொல்லுத?”

“எழுதினாருன்னு.”

“அது இப்ப எப்படிடே மாத்த முடியும்? பேட்டி எல்லாம் குடுத்தாச்சு.”

நான் கேட்டேன்: “சார், தெரைக்க நிரலுல எரநூத்திப் பன்னெண்டாவது வரிய இப்ப வாசிச்சுப் பாத்தியளா?”

“எதுக்கு?”

“தட்டு நெறைஞ்சா எனக்க நிரலு ஏழுன்னு ஒரு நம்பர அனுப்பும். அத வாங்கி, தட்டு நெறைஞ்சு போச்சுன்னு தெரையில காட்டணும். ஒங்க நிரலு அத வாங்கி, நோக்காம தூர எறிஞ்சிருக்கு. லாரிக்காரனுக்கு அன்னைக்கு ஒண்ணும் தெரியாமப் போனது அதனாலயாக்கும்.”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“நானா?” என்றார்.

“ஒங்க பேருதான் சார் மேல இருக்கு.”

“தெய்வமே” என்றார். பிறகு, “ஞாயித்துக்கிழமைய நீ விட்டே, ஏழ நான் விட்டேன். வேல மட்டும் ஒனக்குப் போச்சு இல்லியா?” என்றார். “நீ என்ன வேணுமானாலும் செய்யி ததேயுசே. நான் தடுக்க வரமாட்டேன்” என்று சொல்லி வைத்தார்.

இனி மறிப்பது அவர் அல்லர். மிச்சம் இருந்தது என் வீடுதான்.

அந்தச் சனிக்கிழமை மெமோவை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பேபி கொல்லையில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜின்சி பக்கத்தில் முக்காலியில் இருந்தாள். காகிதத்தை ஜின்சியிடம் கொடுத்து, அம்மாவுக்கு வாசித்துச் சொல் என்றேன். அவள் மனத்துக்குள் முழுவதும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள். பேபியின் அரிவாள் நின்றது.

“இது எப்ப எழுதினானுவ?”

“எண்பத்தெட்டு மார்ச்சு” என்றேன்.

“எனக்க அப்பனிட்ட நீங்க வந்து பேசினது?”

“எண்பத்தொம்பது மே.”

“அப்பனிட்ட என்ன சொன்னிய?”

“கம்பெனிய பூட்டப் போறானுவ, அதனால நானே விட்டுட்டேன்னு.”

“பூட்டினானுவளா?”

“தொண்ணூத்திமூணுல பூட்டினானுவ.”

“நாலஞ்சு வருசத்துக்கு முந்தியே அறிஞ்சிட்டிய! தீர்க்கதரிசியில்லா வீட்டுல இருந்திருக்கு, நான் அறியல்ல.”

ஜின்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீ சும்மா இரி ஏட்டி” என்று அவளை அதட்டிவிட்டு பேபி கேட்டாள்: “அப்படி என்ன பெரிய தப்பு செய்தாராம்?”

“ஞாயித்துக்கிழம அப்பாக்க புரோகிராம் வேல செய்யாதாம்மா.”

“ஞாயித்துக்கிழம எவன் வேல செய்வான்?”

“லாரிக்காரனுவ.”

“அவனுவளுக்குக் கோயிலு கெடையாதா?”

சிரிக்காமல்தான் கேட்டாள். மீனைக் கழுவி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று இரவும் மறுநாளும் ஜின்சியோடு மட்டும் பேசினாள். திங்கட்கிழமை காலை நான் கடைக்குப் புறப்படும்போது வாசலுக்கு வந்தாள்.

“வேல போனதுக்கு எனக்கு ஒண்ணுமில்ல. அப்பனிட்ட பொய் சொன்னிய. அப்பன் மரிச்சுப் பதினோரு வருசமாச்சு, இனி அவரிட்டப் போய்ச் சொல்ல முடியாது. எனக்க அண்ணனிட்டப் போய் நீங்களே ஒங்க வாயால சொல்லணும். அதுக்கு அப்புறம் எங்க வேணுமானாலும் அனுப்புங்க.”

அவளுடைய அண்ணன் ஏசுஅடிமை வள்ளம் வைத்திருப்பவர். ஊர்க் கமிட்டியிலும் இருக்கிறார். அன்று மாலை கரைக்குப் போனேன். வலையிலிருந்த கண்ணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் நான்கைந்து பேர். தனியாகப் பேச வேண்டும் என்றேன். “இஞ்ச எல்லாரும் நம்ம ஆளுதான், சொல்லும் மச்சான்” என்றார். வேறு வழியில்லாமல் எல்லார் முன்னாலும் சொன்னேன்: எதற்காகத் துரத்தினார்கள், அவர் தகப்பனாரிடம் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன்.

ஏசுஅடிமை வலையைக் கீழே போட்டார். “ஞாயித்துக்கிழம வேல செய்யாததுக்கா வெரட்டினானுவ?”

“அப்படி இல்ல மச்சான். நான் எழுதின நிரலு…”

“நிரலோ, வள்ளமோ. ஞாயித்துக்கிழம எறக்கமாட்டேன்னு சொன்னீரு. அவனுவ வெரட்டினானுவ. கேட்டியளாடே?” என்று மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “எனக்க தங்கச்சி மாப்பிள்ள ஓய்வுநாள அனுசரிச்சதுக்காக பெங்களூருல வேலைய எழந்தவராக்கும்! இத்தன வருசமா வாயத் தொறந்து சொன்னாரா?”

நான் விளக்க முயன்றேன். அது விசுவாசத்தினால் அல்ல, உலகம் தெரியாததினால் என்றேன். தாழ்மையாகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் கரை முழுவதும் செய்தி பரவிவிட்டது. எது வெளியே வந்தால் தலைகுனிய நேரும் என்று இருபத்தைந்து ஆண்டுகள் அஞ்சினேனோ, அதற்காகப் பூசை முடிந்து வருகிறபோது ஆட்கள் கை கொடுத்தார்கள். பங்குத் தந்தையிடம் நேரில் போய், இதைப் பிரசங்கத்தில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கும் நடந்ததை முழுமையாக விளக்கினேன். அவர் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு, வெகுநேரம் சிரித்தார்.

மாமனாரிடம் சொன்ன பொய்யைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பேபி மட்டும் இரண்டு வாரத்துக்கு என்னைத் ‘தீர்க்கதரிசி’ என்றே அழைத்தாள். மழை வருமா என்று என்னிடம்தான் கேட்பாள்.

செப்டம்பர் 19ஆம் தேதி மெமோவை ஸ்கேன் செய்து அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்ததன் உண்மைக் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்தேன். நான்காம் நாள் காலை ஜின்சி போனில் கத்தினாள்.

“அப்பா! மாத்திட்டாவ! போய்ப் பாருங்க!”

கடைக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கும் இன்டர்நெட் மையத்துக்குச் சென்று பார்த்தேன். நிரலின் முதல் வரியை அவர்கள் தொடவில்லை. பழைய நிரலைத் திருத்துவதில்லை என்பது அவர்களுடைய இன்னொரு விதி. ஆனால் அதன் மேல் ஒரு குறிப்பு இருந்தது. மெமோவும் இருந்தது. ஞாயிறைப் பற்றிய என் பக்கமும் இருந்தது. அதன் கீழே யாரோ ஒருவர், இத்தனை மாதமாக முனைத் தேய்மானம் பற்றி விவாதித்த எங்களுக்கு மீன்பிடிக் கரை ஒன்று நினைவுக்கு வரவில்லையே என்று எழுதியிருந்தார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

குறிப்பை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். மெமோவைக் கண்ட கோபத்தில், அவர்கள் முகப்புப் பக்கத்திலிருந்து செல்வதாஸின் பெயரை முழுவதுமாக எடுத்துவிட்டிருந்தார்கள். மேரு இயங்குதளம், ஆக்கியவர் ததேயுஸ், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம் என்று இருந்தது.

மாலையில் வீட்டுக்குப் போய் பேபியிடம் சொன்னேன். மொத்தமும் நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள். அதில் என்னுடையவை ஆயிரத்து முந்நூற்று நாற்பது. மற்றவை என்னுடையவை அல்ல. நாளையே எழுதித் திருத்த வேண்டும் என்றேன்.

“இருபத்தஞ்சு வருசம் அவருக்க பேரு இருந்துது” என்றாள் பேபி. “ஒரு ரெண்டு நாளு ஒங்க பேரு இருந்துட்டுப் போட்டும். கடலு வத்திப்போகாது.”

யோசித்தேன். உண்மையைச் சொல்வதானால், ஒருநாள் விட்டுவிட்டேன். மறுநாள் கடையில் மூன்று முறை எழுந்துபோய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்டர்நெட் மையத்துக்காரர், “அண்ணே, அது அங்கேயேதான் இருக்கு” என்றார்.

அதற்கு அடுத்த நாள் செயலாளருக்கு எழுதினேன். தட்டுப் பகுதி நான் எழுதியது. நினைவகப் பகுதியும் திரைப் பகுதியும் செல்வதாஸ் எழுதியவை. வரிகளை அன்று வாசிக்கவிடாவிட்டாலும், அவர் அவற்றை எழுதுவதை அருகில் இருந்து பார்த்தவன் நான். நினைவகப் பகுதி மிக நேர்த்தியானது. இன்று வாசிக்கும்போதும் எனக்கு அதில் கற்றுக்கொள்ள இருக்கிறது. அவர் பெயரை அந்த இடங்களில் மீண்டும் இட வேண்டும். கோப்பு கோப்பாக, யார் எதை எழுதினார் என்ற பட்டியலையும் இணைத்தேன்.

ஜின்சி அந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் வாசித்துவிட்டு, “திரைப் பகுதியிலயும் அவருக்க பேரப் போடணுமாப்பா?” என்று கேட்டாள். “அந்த இருநூத்திப் பன்னெண்டாவது வரி அதுலதான இருக்கு.”

“அதுலதான் இருக்கு.”

உள்ளேயிருந்து பேபி, “நன்மை செய்யுதியளா, பழி வாங்குதியளா?” என்று கேட்டாள்.

“ரெண்டும் இல்ல. எழுதினவருக்க பேரு இருக்கணும்.”

அக்டோபர் 2ஆம் தேதி பட்டியல் நான் கொடுத்தபடியே பக்கத்தில் ஏறியது. மறுநாள் செல்வதாஸிடமிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. குழுவுக்கு அனுப்பி, எனக்கும் பிரதி அனுப்பியிருந்தார். பட்டியல் சரியே என்றும், தட்டு நிரம்பியதைத் திரையில் காட்டாத குறை தம்முடையதே என்றும், அதையும் மெமோவுக்குக் கீழே சேர்த்துவிடும்படியும் எழுதியிருந்தார்.

அதை அச்சடித்து, துளையிட்டு, கோப்பில் சேர்த்தேன். அப்புறம் தக்கலையிலிருந்து வந்திருந்த ரப்பர் வியாபாரியின் தராசைத் திறந்து பார்த்தேன். எடை நூறு கிராம் கூடுதலாகக் காட்டுகிறது என்று அவர் சொல்லியிருந்தார். நாற்பது கிராம்தான்.